மாட வீதியைப் படம் பிடிப்பது பற்றி

மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையில் நல்ல காமிரா வந்து சேர்ந்தும், மயிலாப்பூரில் படம் எடுக்க என்ன இருக்கிறது, காசிக்கோ லடாக்குக்கோ போனாலல்லவா காட்சி கிடைக்கும் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். பிரயாணத்தை நான் தடுக்கவில்லை; வசதியிருந்தால் போய் வா. ஆனால் நடை பழகிய நாள் முதல் சுற்றி வந்த நான்கு மாட வீதிகளில் உன் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லையென்றால், காசியில் தென்படப்போவதும் ஏற்கெனவே பலர் எடுத்துவைத்த படித்துறையும் சாமியாருமாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பாரிஸ் நகரத்து யூஜீன் அட்ஜேயைப் பற்றி நீ படித்திருக்க வேண்டும். நாடக நடிகராக இருந்து, அதில் பிரகாசிக்காமல், 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மரக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு அந்நகரத் தெருக்களில் இறங்கிய அவர், 1927-இல் காலமாகும் வரையில் பாரிஸையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அதிகம் அப்பால் போகவில்லை. கடை ஜன்னல், வீட்டு முற்றம், மாடிப்படி, கந்தல் பொறுக்குகிறவர், தெருவில் வாத்தியம் வாசித்துப் பிழைக்கிறவர் இவற்றையெல்லாம் எடுத்து, ஓவியர்களுக்கு உதவும் ஆதாரங்கள் என்று சொல்லி விற்றாரேயன்றி, கலைஞன் என்ற பட்டத்துக்கு அவர் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. 1920-இல் 2,600க்கும் மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அவர் மறைவுக்குப் பின் எஞ்சியவற்றைப் பெரெனிஸ் அபாட் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கிக் காப்பாற்றி வைத்திருந்து, 1968-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சேர்ப்பித்தார். அட்ஜே எடுத்த கட்டடங்களில் பல இடிபட்டுப் போயின. அவர் நின்று எடுத்த கோணத்திலேயே இன்று அவை நமக்குக் கிடைக்கின்றன.

நம் பக்கத்திலும் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சைக்கும் மதுரைக்கும் வந்து கோயில்களையும் நாயக்கர் அரண்மனையையும் அபாரமாகப் படம் பிடித்தார். ஆயினும் அக்காலத்துக் கோபுரம் எப்படியிருந்தது என்று அறிய நமக்குக் கல்லே சாட்சி நிற்கிறது; கோபுர வாசலில் பூக்கட்டி விற்றவள் கூடையை எங்கே வைத்தாள், எதன் மேல் உட்கார்ந்தாள் என்பதற்கோ சாட்சியில்லை. உன் காமிராவைக் கோபுரத்திலிருந்து கீழே இறக்கு என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

வெளிச்ச விஷயத்தில் புஸ்தகங்களை அப்படியே நம்பிவிடாதே. உச்சி வேளையில் படம் எடுக்காதே என்று பலவற்றில் எழுதியிருக்கும். எந்த ஊர் உச்சி, எந்த மாதத்து உச்சி என்று சொல்லியிராது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரு சமயங்களில்தான்: ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்டு நடுவில் ஒரு முறை. அந்நாட்களில் நிழல் காலடிக்குள் ஒடுங்கி, முகங்களில் கண்குழி கறுத்துப்போகும் என்பது வாஸ்தவமே. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே, ஜூன் மாதத்து நண்பகலில், சூரியன் நமக்கு வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழுகிறதென்பதை இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் கவனித்ததில்லை. மார்கழியிலோ நடுப்பகலிலும் சூரியன் தென்திசையில் சாய்ந்தே நின்று, ஆளின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிழலை வடக்கே நீட்டுகிறது. ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் அம்மாதம் வடசிறகின் முகப்பில் வெயில் படிந்திருக்க, தென்சிறகு நிழலில் கிடக்கும். ஆனி மாதத்து நண்பகலில் அதே வீதியில் போய் நின்றால் முறை மாறியிருக்கும். இதையெல்லாம் அறிய ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. லடாக்கில் ஒரு வாரம் தங்குகிறவனுக்கு இது கிட்டாது.

உபகரணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். லென்ஸ் துவாரத்தை எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரையில் எல்லாம் தெளிவாக விழும். நடக்கிறவர்களுக்கு ஷட்டரை ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு வைத்துக்கொள். பிறகு காமிராவை மறந்துவிட்டு ஆட்களைப் பார்க்கலாம். எதிர்ச்சிறகில் ஒளிந்துகொண்டு நீண்ட லென்ஸால் முகங்களைத் திருடி வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கிற அம்மாளிடம் முதலில் காய் வாங்கு, பேச்சுக்கொடு, கேட்டுக்கொண்டு எடு; வேண்டாமென்றால் விட்டுவிடு. கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று நீ வாதிப்பாய். முதல் நாள் கெடத்தான் செய்யும். நாலாவது முறை போகும்போது உன்னை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். தராசைத் தூக்கிப் பிடித்த விரலும், கொசுறாகக் கறிவேப்பிலையை அள்ளிப் போடும் கையும் அப்போதுதான் உனக்கு அகப்படும். இன்னொன்று: கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் எந்தப் படமும் கலையாகிவிடும் என்ற நம்பிக்கை உன் வயதுக்காரர்களிடம் பரவியிருக்கிறது; கத்தரிக்காயின் ஊதா நிறத்தைத் துறந்து நீ என்ன சாதிக்கப்போகிறாயென்று எனக்கு விளங்கவில்லை.

அறுபத்துமூவர் உற்சவத்தன்று காமிரா இல்லாத கையே கிடையாது; அன்று நீ வீட்டிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை. உற்சவம் முடிந்த மறுநாட்காலையில் பந்தலைப் பிரிக்கிறவர்களைப் பார். நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மை பரப்புகிறவர்கள், வைக்கோலைப் பிரித்துப் பொம்மைகளை வெளியே எடுக்கிற வேளையில் போ. லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக நிறுத்திய தகரத் தடுப்புகள் படத்தைக் கெடுக்கின்றனவென்று எழுதியிருந்தாய். அவை ஒருநாள் அகற்றப்படும். அவற்றின் ஓரமாக ஒடுங்கி ஜனங்கள் நடந்த விதத்தை அதற்குப் பிறகு எடுக்க முடியாது. ஆகவே தடுப்பை ஒதுக்காமல், அதையும் சேர்த்தே எடு.

எடுத்தவற்றை எனக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் தேதி, வேளை, வீதி, எத்திசை நோக்கி நின்றாய் என்பவற்றைப் பென்சிலால் எழுது. ‘வாழ்வின் ராகம்’ என்பது போன்ற தலைப்புகள் வேண்டாம். காய்கறிக்கார அம்மாளுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடு. உன் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா