வாயிலிலேயே நின்றுவிடும் கணிப்பொறி

கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் அறையின் மூலையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி ஒன்றைக் காணலாம். இதனைச் ‘சர்வர்’ என்பர். மற்ற மேசைகளிலுள்ள கணிப்பொறிகள் கேட்கும் கணக்குகளை எடுத்துக் கொடுப்பதும், அவை அனுப்பும் பதிவுகளை வாங்கி வைப்பதும் இதன் பணியாகும். உறுப்பினரின் பங்குத் தொகை, பயிர்க்கடன் நிலுவை, நகைக்கடன் விவரம் ஆகிய யாவும் இதனுள்ளே அடங்கியிருக்கும். இது நின்றுவிட்டால் சங்கத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. இத்தகைய சர்வருக்கு நேரக்கூடிய விசித்திரமான கோளாறு ஒன்றைப் பற்றி இம்மாதம் ஆராய்வோம்.

கோளாறு இவ்விதம் தோன்றும். செயலாளர் காலையில் வந்து தமது பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார். உள்ளே விடுவதற்குப் பதிலாக, “இந்த விண்டோஸைச் செயற்படுத்திய பின்னரே உள்ளே நுழையலாம், இப்போது செயற்படுத்த விருப்பமா?” என்ற பொருள்பட ஒரு வினா திரையில் எழுகிறது. ‘இல்லை’ என்றால் மீண்டும் வாயிலுக்கே அனுப்பிவிடுகிறது. ‘ஆம்’ என்றால், ஒன்று வெறுந்திரை தோன்றும். அல்லது “முன்னரே செயற்படுத்தப்பட்டுவிட்டது” என்ற பதில் வரும். பிறகு அதே கடவுச்சொல் கட்டம். செக்குமாடு போல இவ்வாறே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விண்டோஸ் சர்வர் 2003’ என்ற இயங்குதளத்திலும், அதற்கு முன்னர் 2001-இல் வந்த ‘எக்ஸ்பி’யிலும் இத்தொல்லை உண்டு. பழைய பொறிகளை மாற்றாமல் வைத்திருக்கும் இடங்களில் இன்றும் இதனை எதிர்பார்க்கலாம்.

செயற்படுத்துதல் என்பது யாது? மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஒவ்வொரு பிரதிக்கும் 25 எழுத்துக்களும் எண்களும் கொண்ட ஒரு திறவெண் வழங்குகின்றனர். அதனைக் கொடுத்ததும், பொறியின் வட்டு, நினைவகம், வலையட்டை முதலிய உறுப்புக்களிலிருந்து இயங்குதளம் ஓர் அடையாளம் கணித்து, திறவெண்ணை அதனுடன் பிணைத்துவிடுகிறது. திறவெண் பட்டா என்றால் பொறியின் உறுப்புக்கள் சர்வே எண் எனலாம். பட்டா கையில் இருந்தும் சர்வே எண் மாறிவிட்டால் தாலுகா அலுவலகத்தில் என்ன நேருமோ அதுவே இங்கும் நேருகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பூட்டிக்கொண்டது வாயில்தான், உள்ளே இருக்கும் கணக்குகளுக்கு யாதொரு சேதமும் இல்லை. வட்டில் அவை முன்போலவே இருக்கின்றன. இதனை அறியாமையால்தான் பெருநஷ்டம் விளைகிறது. நாம் அறிந்த ஒரு சங்கத்தில், பழுது பார்க்க வந்தவர் வட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். மாலைக்குள் பொறி நன்றாக ஓடிற்று. ஆனால் உள்ளே கணக்கு ஒன்றும் இல்லை. உறுப்பினர்களிடமிருந்து பாஸ்புத்தகங்களை வாங்கி, பழைய ரசீதுக் கட்டுக்களைப் பிரித்து, பதிவேடுகளைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ரசீதைத் தொலைத்துவிட்ட விவசாயி தாம் கட்டிய தவணையை எங்ஙனம் நிரூபிப்பார்?

ஆகவே, எந்த வைத்தியத்திற்கும் முன்னர் கணக்குகளுக்கு நகல் எடுத்தல் வேண்டும். வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இரண்டாவது வட்டாகப் பொருத்தினால், அதன் கோப்புக்களை எவ்விதச் செயற்படுத்தலும் இன்றிப் படிக்கலாம். கழற்ற விருப்பமில்லையெனில், வட்டில் ஏற்றாமலே ஓடக்கூடிய லினக்ஸ் குறுந்தகட்டிலிருந்து பொறியைத் தொடங்கி, வெளி வட்டு ஒன்றிற்கு நகல் எடுக்கலாம். கணக்கு ‘எஸ்க்யூஎல் சர்வர்’ என்ற தரவுத்தளத்தில் இருப்பின், ‘எம்டிஎஃப்’ என முடியும் கோப்பையும் ‘எல்டிஎஃப்’ என முடியும் கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துத் திருப்தியடையலாகாது. சில சர்வர்களில் இரண்டு மூன்று வட்டுக்கள் ‘ரெய்டு’ என்ற முறையில் கூட்டாக வேலை செய்யும். அவற்றில் ஒரு வட்டை மட்டும் உருவி வேறிடத்தில் படிக்க முயல்வது ஆபத்து. தவிர்க்க முடியாமல் கழற்றினால், எது எந்த இடத்தில் இருந்தது என்று சுண்ணக்கட்டியாலாவது எழுதி வைத்தல் நலம்.

நகல் பத்திரமானபின் காரணத்தைத் தேடலாம். முதலில் தேதியைப் பாருங்கள். பொறிக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வந்தவுடன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தேதி தவறாக இருக்கையில் இணையத்தின் மறுமுனையிலுள்ள பொறி காட்டும் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். செயற்படுத்தும் முயற்சி தோல்வியுறும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் முதலில் ஐயுற வேண்டியது இச்சிறு பொருளையே. விலையும் சொற்பம்.

அடுத்தது உலாவி. வெறுந்திரை தோன்றுவதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது. செயற்படுத்தும் சாளரம் தானே தனியாக நிற்பதன்று. அது ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரர்’ உலாவியின் உறுப்புக்களைக் கொண்டே வரையப்படுகிறது. உலாவியை 7 அல்லது 8-ஆம் பதிப்புக்கு உயர்த்திய பின்னர், பழைய குறுந்தகட்டைக் கொண்டு இயங்குதளத்தைப் பழுதுபார்த்தால், பழைய உறுப்புக்களும் புதியவையும் கலந்து, சாளரம் திறக்க இயலாமற் போகிறது. இதற்குப் பரிகாரம் உண்டு. பொறியைத் தொடங்குகையில் எஃப்8 விசையை அழுத்தி, ‘பாதுகாப்பு முறை’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலைத்தொடர்பு இல்லாத எளிய பாதுகாப்பு முறையையே தேர்க. அதில் செயற்படுத்தல் கேட்கப்படுவதில்லை. உள்ளே சென்று, விண்டோஸ் உறையினுள் மறைந்திருக்கும் உலாவியின் உறையைத் திறந்து, அங்குள்ள நீக்கும் நிரலை ஓட்டினால் புதிய உலாவி விலகிப் பழையது திரும்பும். மறுமுறை தொடங்குகையில் சாளரம் ஒழுங்காகத் தோன்றும்.

மூன்றாவது காரணம் உறுப்பு மாற்றம். தாய்ப்பலகை எரிந்து, வட்டை வேறு பொறிக்கு மாற்றியிருந்தால் சர்வே எண்ணே மாறிவிட்டது. திறவெண்ணைக் கொண்டு மறுபடியும் செயற்படுத்துவதே வழி. செயற்படுத்தல் விவரத்தைத் தாங்கும் கோப்பு சிதைவதும் உண்டு. பொறி மாறாதிருந்து, அக்கோப்பின் முந்தைய நகலும் இருந்தால், அதனைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம்.

“பூட்டை உடைக்கும் நிரல் ஒன்று உண்டு, ஐந்து நிமிட வேலை” என்று சிலர் முன்வருவர். உரிமம் பெறாத பிரதியை அறிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி தண்டனைக்குரியது. அதனினும் அஞ்சத்தக்கது, அந்நிரல்களுடன் ஒட்டிவரும் வைரஸ். நகைக்கடன் கணக்கு உள்ள பொறியில் முகமறியாதவரின் நிரலை ஓட்டவிடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று என்பதே நமது கருத்து.

விண்டோஸ் சர்வர் 2003-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2015 ஜூலை 14-இல் முடிவுற்றது. எனவே வாயில் திறந்தாலும், கணக்குகளை வெளியே எடுத்துப் புதிய பொறிக்கு மாற்றுவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தி, இணையத்திலிருந்து விலக்கி வைப்பதே சரி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 63,000 சங்கங்களும் 2,516 கோடி ரூபாயும் அதில் குறிக்கப்பட்டன. இத்தகைய மாற்றத்தின்போது பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுசெல்லப் பழைய வட்டே ஆதாரம். பஞ்சாயத்துக் கணக்கு 2020-இல் தொடங்கப்பெற்ற ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் ஏறுவதால் அது ஊர்ப்பொறியை நம்பி இல்லை. எனினும் பழைய வரிப்பட்டியல்களும் கடிதங்களும் அப்பொறியிலேயே தங்கியிருக்கக்கூடும்.

புதிய சர்வர்களில் கதை வேறு. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு வாயிலை அடைக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, திரையில் எச்சரிக்கை மட்டும் தோன்றுகிறது. ஆனால் ‘மதிப்பீட்டுப் பிரதி’ என்று ஒன்று உண்டு. 180 நாள் சோதித்துப் பார்க்க இலவசமாகக் கிடைப்பது. கெடு முடிந்தபின் அது மணிக்கொரு முறை தானே அணைந்துவிடும். விற்பவர் இதனை ஏற்றிவிட்டு முழு உரிமத்திற்குப் பட்டியல் போட்டால், ஆறு மாதம் கழித்துத்தான் உண்மை வெளிப்படும். ஆகையால் பணம் கொடுக்குமுன், கட்டளைச் சாளரத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு ஒரு சாய்கோட்டையும், டி, எல், வி என்ற மூன்றெழுத்துக்களையும் தட்டச் சொல்லுங்கள். உரிமத்தின் வகையும், கெடு இருப்பின் மீதியும் தெரிந்துவிடும். பெட்டியின்மேல் ஒட்டியுள்ள திறவெண் சீட்டு நாளடைவில் மங்கிவிடுமாதலால், அன்றே அதனைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, விலைப்பட்டியலின் நகலையும் அப்பக்கத்தில் இணைத்துவிட வேண்டும்.