ஃபில்டருக்கு முன் வெள்ளையைச் சரிசெய்யுங்கள்

டிஜிட்டல் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் அடுக்கிய கல்யாணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். மண்டபத்து மஞ்சள் பல்பில் எடுத்தது ஆரஞ்சாகவும், வாசல் நிழலில் எடுத்தது நீலமாகவும் விழும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டரைப் போட்டாலும் அந்த வித்தியாசம் அப்படியே தங்கும். முதலில் ஸ்னாப்சீட் செயலியில் ‘ஒயிட் பேலன்ஸ்’ திறந்து, சொட்டுக்குழாய்க் குறியைத் தொட்டு, வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் வையுங்கள். சுண்ணாம்புச் சுவர் நல்லது. நீலம் போட்ட வேட்டி வேண்டாம், படம் மஞ்சளடிக்கும். கறுப்பு வெள்ளையாக்கினால் தொல்லை தீருமே என்பார்கள். தீரும், கூறைப்புடவையின் அரக்கும் சேர்ந்தே போய்விடும். விளக்கின் பொன்னிறமே அழகு என்பவர்கள் பேச்சில் நியாயம் உண்டு. அதனால் முழுக்க வெளுக்காமல், ‘டெம்பரேச்சரை’ மறுபடி சற்றே ஏற்றி, எல்லாப் படத்திலும் மணப்பெண்ணின் முகநிறம் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள்.