பாட்டைக் கேட்டோம், படைத்தவரை அறிந்தோமா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவன்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடினால் அதன் இன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ? இக்காலத்தில் அவை கூடும் இடம் பாடற்காட்சி. கவிஞரின் சொல்லும், இசையமைப்பாளரின் மெட்டும், நடிப்பவரின் மெய்ப்பாடும் நான்கு நிமிடத்துக்குள் அதில் ஒன்றாகி விடுகின்றன. அரியலூர்ப் பேருந்திலும் பெரம்பலூர்த் தேநீர்க் கடையிலும் மாணவர்கள் பாட்டைப் பற்றிப் பேசாத நாளில்லை. "படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. பாட்டும் படிக்கத் தக்க பொருளே என்பதை ஓர் இரசிகன் என்ற முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதில் விழுந்த காலம்

தமிழின் முதல் பேசும்படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்'. அக்காலத்தில் பாடத் தெரிந்தவரே நடிக்க முடியும். படப்பிடிப்பு நடக்கும்போதே பாடவும் வேண்டும். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணி முறை தமிழுக்கு வந்தது. அன்றுமுதல் குரல் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது என்றாயிற்று.

பாட்டின் நீளத்தை இசைத்தட்டும் ஒருவகையில் முடிவு செய்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஒலியை அடக்க முடியும். கச்சேரி மேடையில் அரைமணி நேரம் விரியக்கூடிய இராகத்தை மூன்று நிமிடத்தில் பிழிந்து தரும் திறமையை இந்த நெருக்கடியே நம் இசையமைப்பாளர்களுக்குக் கற்றுக் கொடுத்தது எனலாம்.

அன்று திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்த நம் ஊர்களுக்குப் பாட்டு வானொலி வழியாக வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. 1952-க்குப் பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி பிறந்தது. பாடலுக்கு முன் படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்வது வானொலி அறிவிப்பாளர்களின் மரபு. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, பல்லவியின் முதற்சொல் வருமுன்பே பாடுபவர் பெயரைச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் வானொலிதான்!

கண்ணில் விழுந்த காலம்

கண்ணுக்கு விருந்தான காட்சிகளில் எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன். 1948-இல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம் முதலாவது. பேருருவ முரசுகளின் மேல் நின்று பெண்கள் கூட்டமாக ஆடும் அக்காட்சியைக் கண்டு இன்றும் வியக்கிறோம். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் குரலுக்குச் சிவாஜி கணேசன் பாடகராகவும், வீணை, குழல், மிருதங்கம் வாசிப்பவராகவும் ஒரே சமயத்தில் தோன்றுவார். கணினி இல்லாத காலத்தில் இத்தகைய காட்சிக்கு வழி, சட்டத்தின் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியைப் படம்பிடித்து, பின் அதே படச்சுருளை மீண்டும் ஓட்டி மறைத்த பகுதியைப் பிடிப்பதுதான்.

1978-இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில் மலைப்பாதையில் ஜீப் ஓட, யேசுதாஸ் குரலில் ஒரு பாட்டு வரும், ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. ஆடம்பரமான அரங்கோ ஆட்டமோ இல்லை. காற்றும் வெயிலும் தாமே நடிக்கின்றன. 1992-இல் 'ரோஜா'வில் நாயகி அறிமுகமாகும் பாட்டை மின்மினி பாடினார். ஏ.ஆர்.ரகுமானுக்கு அதுவே முதல் படம். அவருக்கும் வைரமுத்துவுக்கும் அப்படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. 1998-இல் வந்த 'உயிரே' படத்துக்காக ஓடும் உதகை மலை இரயிலின் மேலேயே ஆடினர்.

இங்கே இயற்பியல் மாணவனுக்கும் வேலை இருக்கிறது. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நான்கு நிமிடப் பாட்டுக்கு 24 × 240 = 5,760 படங்கள். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆகவே ஒரு பாட்டின் நீளம் 360 அடி! இனி, நாயகியின் கூந்தல் மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒத்துப் போவது எப்படி? நொடிக்கு 48 படங்கள் எடுக்கும்போது பாட்டையும் இருமடங்கு வேகத்தில் ஒலிக்க விடுவார்கள். ஒலிநாடாவை அவ்வாறு ஓட்டினால் 440 அதிர்வெண் உள்ள ஒலி 880 ஆகி, குரல் ஒரு தாயி மேலே ஏறிக் கீச்சிடும். அந்தக் கீச்சுக் குரலுக்கு நடிகர் விரைந்து வாயசைப்பார். பின் 24 வேகத்தில் திரையிட்டால் உதடு பாட்டோடு ஒத்துவிடும். கூந்தலும் சேலையும் மட்டும் கனவில் போல மிதக்கும். நாம் மயங்கும் காட்சிக்குள் எளிய பெருக்கல் வாய்பாடு ஒன்று ஒளிந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்த காட்சி

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' பார்க்க, தொலைக்காட்சி உள்ள வீட்டு வாசலில் தெருவே கூடிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் பாடற்காட்சிகளுக்கென்றே எம்.டி.வி. 1981-இல் வந்தது. 1983-இல் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஒரு பாட்டைப் பதினான்கு நிமிடக் குறும்படமாகவே ஆக்கிக் காட்டியது. மேலைநாட்டில் பாட்டுக்குப் பின் படம் பிறந்தது; நம் நாட்டில் படத்துக்குள்ளேயே பாட்டு வளர்ந்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி' இணையத்தின் வழியாக உலகைச் சுற்றியது. அதில் பெரும்பகுதி ஒலிப்பதிவுக் கூடக் காட்சியே. 2018-இல் வந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' 2020-இல் நூறு கோடிப் பார்வைகளைக் கடந்தது. வாசலில் நின்று பார்த்த காட்சி இன்று நம் உள்ளங்கையில் இருக்கிறது.

பெயர் யாருடையது?

கைக்கு எளிதாக வந்தபின் நாம் ஒன்றைத் தவறவிடுகிறோம், அதுதான் பெயர். பாட்டை முப்பது நொடி கேட்டு அடுத்ததற்குத் தள்ளுகிறோம். எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூர்க. ஆடுபவள் மாதவி ஒருத்தியே. ஆயினும் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே உரைத்த பின்னரே ஆட்டத்துக்கு வருகிறார்.

இந்தியில் 1949-இல் வந்த 'மகல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கதைப் பாத்திரமான 'காமினி'யின் பெயரே இருந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர்! 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்றதும் சிவாஜியின் கன்னத்தை நினைப்பவருள், அந்த நாதசுரத்தை ஊதிய எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

அண்மைக் காலச் சான்று 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீ, அறிவு பாடி வந்த இக்காட்சி எந்தத் திரைப்படத்தையும் சேர்ந்தது அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு இதில் பாடினார். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது என்று வரலாற்று நூலில் படிக்கிறோம். அந்த எண்ணுக்குள் இருந்த ஒரு முகத்தை நமக்குக் காட்டியது இப்பாட்டு. ஒப்பாரியின் சாயல் கொண்ட இதை உலகமே கேட்டது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா.ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பின்னரே அறிவுக்கென ஓர் அட்டை வந்தது. பெயர் என்பது வெறும் அலங்காரம் அன்று. உழைப்புக்கு உரிய கூலியில் அதுவும் ஒரு பகுதியே.

நம் மண்ணில்

நம் பகுதிக்குப் பாட்டின் செல்வம் குறைவில்லை. கொள்ளிடக்கரைத் திருமழபாடி சுந்தரர் பாடிய தலம். கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் ஆடும் பெருமானின் காலடியில் காரைக்கால் அம்மையார் அமர்ந்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சிற்பி ஆடுபவரோடு நில்லாமல், ஆடலைப் பாடியவரையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தான். அவனைவிடச் சிறந்த காட்சி இயக்குநர் உண்டோ?

ஆனால் நடவு வயலிலும் இழவு வீட்டிலும் நம் பாட்டிமார் பாடும் பாடல்களுக்கு இசைத்தட்டும் இல்லை, அட்டையும் இல்லை. இயந்திர நடவு வந்தபின் நடவுப்பாட்டுக்கு இடமில்லாமல் போகிறது. பாடத் தெரிந்தவர் ஒருவர் மறைந்தால் ஒரு நூலகமே மறைந்தது போலாகும். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். எழுத்து நம் கைக்கு வந்திருக்கிறது. அதைக்கொண்டு முதலில் யார் பெயரை எழுதப் போகிறோம்?

நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் கைப்பேசியில் ஒரு பாட்டையேனும், பாடுபவரின் இசைவு பெற்றுப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், எந்த வேலையின்போது பாடுவது, யாரிடம் கற்றது என்னும் ஐந்து குறிப்புகளையும் உடன் எழுதுங்கள். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால் நம் கல்லூரி நூலகத்திலேயே ஒரு பாடல் தொகுப்பை உருவாக்கலாம். பிடித்த பாட்டை நண்பனுக்கு அனுப்பும்போது, அதைப் படைத்தவர் பெயரையும் ஒரு வரி சேர்த்தே அனுப்புவோம். நல்ல இரசிகனுக்கு அதுவே அழகு.