வார்ப்பிரும்பும் தாங்குலோகமும்

பொறிகளிற் சுழலும் தண்டினை ஏந்திநிற்கும் உறுப்பைத் தாங்கி என்பர். அச்சாணியின் சிறப்பைத் திருவள்ளுவர் உரைத்தார். அச்சு சுழலும் குழியை நினைப்பார் அரியர். உருக்கினாலாய தண்டு சுழல்வதற்கு அக்குழியை எவ்வுலோகத்தாற் செய்தல் தகும்? வன்மை மிக்கதே தகும் என்று கூறத் தோன்றும். உலோகநூலார் கொள்கை வேறு.

சாம்பல்நிற வார்ப்பிரும்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு கரி உண்டு. அதன் பெரும்பகுதி கிராபைட் என்னும் செதில்களாய் இரும்பினுள்ளே பரந்து கிடக்கும். நாம் எழுதும் பென்சிலிலுள்ளதும் அதுவே. ஆகலின், எண்ணெய் சிறிது குறைந்தவிடத்தும் வார்ப்பிரும்பு வழுக்கிக்கொடுக்கும். அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுத்தாலோ, செதில்களின் விளிம்பிற் பிளவு தோன்றி முறியும். விலையும் குறைவு.

தாங்கியின் உட்புறத்தில் மெல்லுலோகம் வார்க்கும் முறைக்கு அமெரிக்கராகிய ஐசக் பாபிட் 1839-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் கலப்புலோகங்களுள் ஒன்றில் வெள்ளீயம் 89, ஆண்டிமனி 7½, செம்பு 3½ பங்கு உள்ளன. பிரினெல் அளவையில் வார்ப்பிரும்பின் கடினம் ஏறத்தாழ 200 ஆக, இதன் கடினம் 25 அளவினதே. வார்ப்பிரும்பு உருகுதற்குச் சென்டிகிரேட் 1150 டிகிரியளவு வெப்பம் வேண்டும். இதுவோ 240 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

இத்துணை மெலிந்ததை விரும்புவானேன்? எண்ணெயோடு ஒரு மணற்றுகள் புகுந்ததெனக் கொள்வோம். வார்ப்பிரும்புக் குழியில் அது புதைய இடமின்றி, சுற்றுந்தோறும் தண்டைக் கீறும். பாபிட் உலோகமோ அத்துகளைத் தன்னுட் புதைத்துக்கொள்ளும். தண்டு சிறிது சாய்ந்திருப்பினும் அதற்கேற்பத் தான் நெகிழ்ந்து இடங்கொடுக்கும். எண்ணெய் அறவே வற்றினால், தான் உருகித் தண்டைக் காக்கும். தண்டு பழுதுறின் பெருஞ்செலவு; உட்பூச்சு அழிந்தாலோ மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். எனினும் முழுதும் குழைவாயின் பாரத்தில் நசுங்கிவிடுமன்றோ? ஆண்டிமனியும் செம்பும் ஈயத்தோடு கூடி ஆக்கும் கடும்படிகங்கள் இடையிடையே நின்று சுமையை ஏற்கின்றன.

ஆயினும், 100 டிகிரி வெப்பத்தில் இவ்வுலோகம் தன் வலிமையிற் பாதியளவை இழக்கும்; ஓயாது மோதும் பெரும்பாரத்தில் வெடிக்கும். மெதுவாய், நேராய்ச் சுழலும் கடினமான தண்டிற்கு வார்ப்பிரும்புக் குழியே போதுமானது. விரைந்து சுழல்வதற்கு, வார்ப்பிரும்பாலோ உருக்காலோ ஆகிய கூட்டினுள் பாபிட் உலோகத்தை மெல்லிய படலமாய் வார்ப்பர். இவ்விடத்தே ஒரு புதுமை உண்டு. வழுக்குதற்கு உதவிய அதே கிராபைட், வார்ப்பிரும்பில் ஈயம் பற்றுதற்குத் தடையாகின்றது. ஆதலின், படலம் கழன்றுவிடாதிருக்க, உள்ளகன்று வாய் குறுகிய காடிகளைக் கூட்டில் வெட்டி, அவற்றினுள் உலோகம் பாய்ந்து இறுகுமாறு செய்வர்.