மரபணுவும் பார்வையும்: மரபியல் வகுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தைப் பட்டாணிச் செடியோடு முடித்துவிட்டால், ஒடுங்கு பண்பு என்பது நெட்டை, குட்டை பற்றிய கணக்கு மட்டுமே என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அதனால், நான் ஒரு நாயின் கண்ணையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

முன்னறிவு

“மாலைக்கண் நோய் எதனால் வருகிறது?” என்று கேட்டால், “வைட்டமின் ஏ குறைவால்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். “கீரை, பப்பாளி எல்லாம் சாப்பிட்டும் ஒரு குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை குறைவாக இருந்தால்?” என்று அடுத்துக் கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

விளக்கம்

வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினால், விழித்திரையில் ஒளி பட்டதும் வடிவம் மாறுகிறது. அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்ப ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணு ஆர்பிஇ65. அதன் இரண்டு அல்லீல்களும் பழுதாக இருந்தால், வைட்டமின் இருந்தும் பயனில்லை. காலப்போக்கில் ஒளியுணர் செல்களும் அழிகின்றன. லெபர் பிறவிப் பார்வையிழப்பின் ஒரு வகை இது.

பிரியார்ட் என்ற பிரெஞ்சு நாட்டு நாயினத்திலும் இதே மரபணுவில் பழுது இயற்கையாகவே காணப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், சரியான மரபணுவைத் தீங்கற்ற ஒரு வைரஸில் ஏற்றி, அத்தகைய மூன்று நாய்களின் ஒரு கண்ணில் விழித்திரைக்கு அடியில் செலுத்தினர். 2001இல் முடிவு வெளியானது. சிகிச்சை பெற்ற பக்கத்தில் இருந்த பொருள்களை நாய்கள் விலகிச் சென்றன. மறுபக்கத்துப் பொருள்களை அவை காணவில்லை. லான்சலாட் என்ற நாய் அமெரிக்க நாடாளுமன்றம் வரை அழைத்துச் செல்லப்பட்டது. 2007இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது.

செயல்பாடுகள்

1. பெற்றோர் இருவரும் பழுதான அல்லீலின் கடத்திகள் எனில், புன்னட் கட்டம் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிப்பு வர 25% வாய்ப்பு உண்டு என்பதை அவர்களே காண்பார்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்வோரிடம் ஒரே அல்லீல் இருக்கும் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்பதையும் பேசலாம். எந்த மாணவரின் குடும்பத்தையும் உதாரணம் காட்ட வேண்டாம்.

2. “ஏன் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை?” என்று கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே நாயின் மறுகண் இருக்கிறது என்ற பதில் மாணவர்களிடமிருந்தே வரட்டும்.

3. விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்துவது சரியா என்று விவாதிக்கலாம். இங்கே நாய்களுக்கும் பார்வை கிடைத்தது. எல்லாச் சோதனையிலும் விலங்குக்கு நன்மை கிடைப்பதில்லை. இரு பக்கமும் பேசப்படட்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

இச்சிகிச்சை இந்த ஒரு மரபணுப் பழுதுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவில் இரு கண்களுக்கும் சேர்த்து இதற்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர். விழித்திரை செல்கள் உயிரோடு இருந்தால்தான் இது பயன் தரும். அழிந்த செல்லை மரபணு மீட்காது. எனவே, அந்தி நேரத்தில் தடுமாறும் குழந்தையிடம் “கேரட் சாப்பிடு” என்று சொல்வதோடு நிறுத்தாமல், கண் மருத்துவரிடம் காட்டப் பெற்றோரிடம் சொல்வோம். காரணம் வைட்டமின் குறைவா, மரபணுவா என்பதை மருத்துவர் கண்டறியட்டும். அந்தத் தடுமாற்றத்தை வகுப்பறையில் முதலில் காணும் வாய்ப்பு நமக்குத்தான் இருக்கிறது.