கத்திக்கு முன் ரத்தத்தைக் கேளுங்கள்

நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பீனியல் சுரப்பியின் பக்கத்திலோ பிட்யூட்டரிக்கு மேலேயோ, பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு, அபூர்வமாக ஒரு கட்டி வரும். கலப்பு ஜெர்ம் செல் கட்டி. ஜெர்மினோமா, டெரட்டோமா, யோக் சாக், கோரியோகார்சினோமா என்று பல திசுக்கள் ஒரே கட்டிக்குள் குடியிருக்கும். கோரியோகார்சினோமா நஞ்சுக்கொடித் திசுவின் சாயல் கொண்டது. ரத்தக் குழாய்களை அரித்துக்கொண்டே வளரும். தொட்டால் ரத்தம் பெருகும், தொடாமலும் கசியும். இதைக் கையாளப்போகும் உங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. படத்துக்கு முன் பையனைப் பாருங்கள். கண்ணை மேலே தூக்க முடிகிறதா? ராத்திரியில் எத்தனை முறை தண்ணீருக்கு எழுகிறான்? சின்ன வயதிலேயே குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கிறதா? பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

2. ரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு கட்டி மார்க்கர்களையும் பார்க்காமல் பயாப்ஸி ஊசியைக்கூட எடுக்காதீர்கள். ஏஎஃப்பி 25 நானோகிராமையோ எச்சிஜி 50 யூனிட்டையோ தாண்டி, எம்ஆர்ஐயும் ஒத்துப்போனால், ஐரோப்பிய நெறிமுறைப்படி பயாப்ஸி இல்லாமலே கீமோ தொடங்கலாம். கைக்குழந்தைக்கு மட்டும் ஏஎஃப்பி இயல்பிலேயே கூடுதல், வயதோடு ஒப்பிடுங்கள். நான் இளைஞனாக இருந்தபோது, ரிப்போர்ட்டுக்கு ஒருநாள் பொறுக்காமல் 14 வயதுப் பையனுக்குப் பயாப்ஸி செய்தோம். ரத்தம் நிற்கவே இல்லை. மறுநாள் காலை ரிப்போர்ட் வந்தது, பையன் இல்லை.

3. மூளையில் நீர் தேங்கியிருந்தால் முதுகில் ஊசி போடாதீர்கள். அழுத்தம் மாறி மூளை கீழிறங்கினால் உயிர் போகும். எண்டோஸ்கோப்பால் மூன்றாவது வென்ட்ரிக்கிளின் தரையில் துளையிட்டு நீருக்கு வழிவிடுங்கள். அந்த நீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

4. பயாப்ஸியில் எடுத்த துணுக்கு கட்டி முழுவதற்கும் சாட்சி ஆகாது. துணுக்கு ஜெர்மினோமா என்று சொல்லி, மார்க்கர் எகிறி நின்றால், மார்க்கரை நம்புங்கள். ஜெர்மினோமாவைக் கரைக்கும் ரேடியேஷன் மட்டும் கலப்புக் கட்டிக்குப் போதாது.

5. கீமோ தொடங்கிய முதல் நாட்களிலும் கட்டி கசியலாம். "பையன் வழக்கம்போல இல்லை, சார்" என்று நர்ஸம்மா சொன்னால், உடனே ஓடுங்கள், சிடி எடுங்கள்.

6. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். சிஸ்பிளாட்டினுக்காக நாமும் நிறைய திரவம் ஏற்றுவோம். சோடியம் அளவை அடிக்கடி பாருங்கள். பிட்யூட்டரி ஹார்மோன்களும் குறைந்திருந்தால், கார்ட்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராக்சின் தராதீர்கள்.

7. மார்க்கர் இறங்கியும் கட்டி பெருத்தால், சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டாதீர்கள். மிஞ்சிய டெரட்டோமா வளர்கிறதாக இருக்கலாம். அது மருந்துக்கு மசியாது. அப்போதுதான் கத்திக்கு வேளை வருகிறது. நிதானமாக எடுங்கள்.

8. வயதுக்கு வந்த பையன் என்றால், கீமோவுக்கு முன் விந்தணு சேமிப்பைப் பற்றிப் பெற்றோரிடமும் அவனிடமும் பேசுங்கள். அவன் பிழைத்து வாழப்போகிறவன் என்று நாம் நம்புவதை, அந்தப் பேச்சிலிருந்துதான் அவன் தெரிந்துகொள்வான்.

"ரிப்போர்ட் வரட்டும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அன்று அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.