எந்த ஓஎஸ் போட்டால் வைரஸ் வராது?

“மேக் வாங்கிவிட்டால் வைரஸ் கவலையே இல்லை.”

வீட்டுக் கணினிகளிடையே பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று ஓடியதே ஆப்பிள் கணினியில்தான். 1982-இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற பதினைந்து வயது அமெரிக்கப் பள்ளி மாணவர், ஆப்பிள் 2 கணினிக்காக ‘எல்க் க்ளோனர்’ என்ற நிரலை எழுதினார். அது ஃப்ளாப்பிகள் வழியாகக் கைமாறிப் பரவியது. மேக் பிறந்ததோ 1984-இல். அதனால் அது மேக்கின் கதை இல்லை என்று தள்ளிவிடலாம். 2012-இல் நடந்ததை அப்படித் தள்ள முடியாது.

அந்த ஆண்டு ‘ஃப்ளாஷ்பேக்’ என்ற நச்சுநிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளில் புகுந்தது. அது நுழைந்த வழி ஜாவாவில் இருந்த ஓர் ஓட்டை. ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆப்பிள் தன் பயனர்களுக்கான திருத்தத்தை ஏப்ரலில்தான் அனுப்பியது. இடைப்பட்ட வாரங்களில், கெட்டுப்போன இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்ததே பலருக்கு வினையாக முடிந்தது. பிசி வைரஸ்கள் மேக்கை அண்டாது என்று தன் தளத்தில் எழுதிவைத்திருந்த வாசகத்தை அதே ஆண்டில் ஆப்பிள் மாற்றிக்கொண்டது.

மேக்கின் காவல் ஏற்பாடுகள் தரமானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2023 முதல் சுற்றிவரும் ‘அட்டாமிக் ஸ்டீலர்’ போன்ற திருட்டு நிரல்கள் அந்தக் காவலை உடைக்க மெனக்கெடுவதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் கிராக் மென்பொருள் என்ற வேடத்தில் வந்து, மேக்கின் சொந்தப் பெட்டியைப் போலவே ஒரு பெட்டியைத் திரையில் காட்டிக் கடவுச்சொல்லைக் கேட்கின்றன. நாம் தட்டச்சு செய்துவிட்டால் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் மொத்தமும் போய்விடும். “மேக்கில் எதுவும் வராது” என்று நம்பியிருப்பவருக்கு அந்தப் பெட்டியைச் சந்தேகிக்கத் தோன்றாது.

“விண்டோஸ் என்றாலே வைரஸ்தான்.”

எக்ஸ்பி காலத்தில் இது பெருமளவு உண்மை. வீட்டுக் கணினியைத் திறப்பவர் பலருக்கும் இயல்பாகவே நிர்வாகி அதிகாரம் இருந்தது. ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான். ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் பென்டிரைவைச் செருகி எடுத்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து அதைச் செருகியதும் ஆட்டோரன் வசதி உள்ளே இருப்பதைத் தானாக இயக்கப் பார்க்கும். 2008-இல் கிளம்பிய ‘கான்ஃபிக்கர்’ என்ற நச்சுநிரல் அந்த வழியையும் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7-இல் பென்டிரைவுகளுக்கான ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும் வைரஸ் மட்டும் இன்னும் ஓயவில்லை. அதை இயக்குவது விண்டோஸ் அல்ல, இரண்டு முறை சொடுக்கும் நம் விரல்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘டிஃபெண்டர்’ என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. முறையாக அப்டேட் ஆகும் விண்டோஸ் 11 கணினி, வீட்டுக்குப் போதுமான பாதுகாப்புள்ள கணினிதான்.

பிறகு ஏன் இத்தனை பாதிப்பு? 2017 மே 12-ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் உலகத்தைச் சுற்றி வந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தும், அதைப் போடாத கணினிகள்தான் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை அன்றைக்கு முறையான ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்.

நம் வீடுகளில் அப்டேட் நிற்பதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். கணினி வாங்கும்போது “ஓஎஸ் போட்டுத் தர்றேன் சார்” என்று கடைக்காரர் சொன்னால், பல இடங்களில் அது கிராக் செய்த விண்டோஸ். அதைச் செல்லுபடியாக்கும் ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். ஆக்டிவேஷன் போய்விடுமே என்று அப்டேட்டையும் நிறுத்திவைப்பார்கள். வாங்குபவருக்கு இதில் எதுவும் தெரியாது. கணினி முதல் நாளே காவலில்லாமல் வீட்டுக்கு வருகிறது. பழி மட்டும் விண்டோஸ் மேல் விழுகிறது.

‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவு’ என்றும் பெயர் பெற்ற ரான்சம்வேர் இந்தப் பாதையில் வளர்ந்ததுதான். பெரிய நிறுவனங்களை அது தேடிப் போகவில்லை. ஃபோட்டோஷாப் கிராக், கேம் கிராக், ஆக்டிவேட்டர் என்று தேடி இறக்கிய மாணவர்களையும் சிறு ஸ்டுடியோக்காரர்களையும் பிடித்தது. கல்யாண ஆல்பங்களும் ப்ராஜெக்ட் அறிக்கைகளும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்றது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாங்க வசதியில்லாதவருக்கு விலையில்லாத நேர்மையான மாற்றுகள் இருக்கின்றன. படத்துக்குக் கிம்ப் உண்டு, அறிக்கைகளுக்கு லிப்ரே ஆஃபீஸ் உண்டு. கிராக்கைப் போட்டுக்கொடுக்கும் அதே கை இவற்றையும் போட்டுக்கொடுக்க முடியும்.

“வைரஸ் வந்தால் ஃபார்மட் அடித்தால் போச்சு.”

நிரல் போய்விடும், அது திருடிக்கொண்டு போனது திரும்பாது. பிரவுசரில் இருந்த கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றியாக வேண்டும், எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் கொடுக்க வேண்டும். ஃபார்மட் அடித்த பிறகு அதே கிராக் பென்டிரைவைக் கொண்டு ஓஎஸ் போட்டால், விட்ட இடத்திலிருந்தே எல்லாம் தொடங்கும்.

“லினக்ஸை வைரஸ் தொடாது.”

தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஆகவே லினக்ஸ் நமக்கு அந்நியமில்லை. வீட்டு லினக்ஸ் கணினிகளைக் குறிவைத்து எழுதப்படும் நச்சுநிரல்கள் குறைவு என்பது உண்மை. மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து இறக்காமல், அந்தந்த லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் பழக்கம் அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

‘ரூட் எனப்படும் நிர்வாகி அதிகாரம் இல்லாமல் எதுவும் நடக்காது’ என்பதுதான் எனக்கு உறுத்தும் வாதம். சிஸ்டம் கோப்புகளைக் காக்க அது உதவும். உங்கள் புகைப்படங்கள், ஆவணங்கள், பிரவுசர் கடவுச்சொற்கள் எல்லாம் உங்கள் கணக்கில் அல்லவா இருக்கின்றன? உங்கள் பெயரில் ஓடும் நிரலால் பொதுவாக, ரூட்டைக் கேட்காமலே அவற்றைப் படிக்கவும் அழிக்கவும் முடியும். ஏதோ வீடியோவில் சொன்ன வரியை என்னவென்று புரியாமல் டெர்மினலில் ஒட்டினால், வாசலை நாமே திறந்துவிட்ட மாதிரி.

களஞ்சியங்களும் லினக்ஸ் தளங்களும் மனிதர்கள் நடத்துபவைதான். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த பிரதி ஒன்றுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டில் ‘மிராய்’ என்ற நச்சுநிரல் வந்தது. அது பிடித்தது லினக்ஸ் ஓடும் ரூட்டர்களையும் சிசிடிவி பெட்டிகளையும். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம். உங்கள் வீட்டு மேசையில் விண்டோஸ் இருக்கலாம், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கேமரா பெட்டியில் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அதன் கடவுச்சொல்லைக் கடைசியாக யார் மாற்றியது?

“காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால்தான் நிம்மதி.”

விண்டோஸ் வைத்திருக்கும் சாதாரண வீட்டுக்கு டிஃபெண்டர் போதும். அந்தப் பணத்துக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிடலாம். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

“ஃபோன்தானே, கணினி இல்லையே.”

வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக வரும் கல்யாணப் பத்திரிகையும், போக்குவரத்து அபராதச் சீட்டும் வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் படிக்கவே வருகின்றன. ஆண்ட்ராய்டு, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவுவதை இயல்பாகவே தடுக்கிறது, அனுமதி கொடுப்பது நாம்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

“பழைய கணினி நன்றாகத்தானே ஓடுகிறது?”

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய செயலி கொண்ட கணினிக்கு என் முதல் பரிந்துரை லினக்ஸ் மின்ட். வைரஸ் தொடாது என்பதற்காக அல்ல, அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்காக. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்டு பிறகு நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. வீட்டில் டேலி கணக்கு மென்பொருள் ஓட வேண்டும் என்றால் மட்டும் இந்த யோசனை சரிப்படாது, அந்த மேசைக்கு விண்டோஸ் 11 ஏற்கும் கணினி ஒன்று வேண்டியிருக்கும்.